உருமாறும் உயிரைத் தேடியவர்: ரொனால்ட் ராஸ்

பள்ளிப் பாடநூல்களில் ரொனால்ட் ராஸ் ஒற்றை வரியாக நிற்கிறார். மலேரியாக் காய்ச்சல் கொசுவால் பரவுகிறது என்பதைக் கண்டறிந்தவர் என்பதே அந்த வரி. அது பிழையன்று, ஆயினும் அவர் கண்டதில் பாதியை மட்டுமே அது கூறுகிறது. கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உறவு இருக்கலாம் என்ற ஐயம் அவருக்கு முன்னரே பலருக்கு இருந்தது. ராஸ் கண்டது அதனினும் ஆழமான ஒன்று. மனித இரத்தத்திலிருந்து கொசுவின் வயிற்றுக்குள் சென்ற ஒட்டுண்ணி அங்கே வேறோர் உருவெடுத்து வளர்கிறது என்பதை அவர் கண்டார். தூசியைக் காற்று சுமப்பதுபோல் கொசு நோயைச் சுமப்பதில்லை. அதன் உடல் ஒட்டுண்ணிக்கு மற்றொரு கருப்பையாக அமைகிறது. சுமத்தல் வேறு, உருமாற்றல் வேறு. அந்த வேறுபாட்டை மெய்ப்பிப்பதிலேயே அவருடைய வாழ்வின் மிகச் சிறந்த நான்கு ஆண்டுகள் கழிந்தன.

அவர் கவிஞரும் ஆவார். பொழுதுபோக்குக்காகப் பாட்டுக் கட்டிய மருத்துவர் அல்லர். கவிஞராக வாழ விரும்பி, தந்தையின் சொல்லுக்கு இணங்கி மருத்துவரானவர். அறிவியலுக்கும் கவிதைக்கும் இடையே பகை உண்டென்று எண்ணுவோர் அவருடைய வாழ்க்கையை ஒருமுறையேனும் முழுமையாக நோக்குதல் நலம். அதில் கற்பனை தந்த ஊக்கமும் உண்டு. அதே உள்ளத்தின் செருக்கு தந்த துன்பமும் உண்டு.

பிறப்பும் வளர்ப்பும்

1857 மே 13-ஆம் நாள் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் ராஸ் பிறந்தார். வட இந்தியா சிப்பாய்க் கிளர்ச்சியால் கொந்தளித்த அதே மாதம் அது. தந்தை பிரித்தானிய இந்தியப் படையில் அதிகாரியாக இருந்து பின்னர் தளபதி நிலைக்கு உயர்ந்தவர். பத்துப் பிள்ளைகளில் மூத்தவரான ராஸ் எட்டாம் வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, வைட் தீவில் உறவினர் வீட்டில் வளர்ந்தார். ஓவியம், இசை, கவிதை, கணிதம் என அவருடைய நாட்டம் பல திசைகளில் சென்றது. அவற்றுள் மருத்துவம் இல்லை. எனினும் மகன் இந்திய மருத்துவப் பணியில் சேர வேண்டுமெனத் தந்தை விரும்பினார். 1874-இல் இலண்டனின் புனித பார்த்தலோமியூ மருத்துவமனைக் கல்லூரியில் அவர் சேர்க்கப்பட்டார்.

அங்கே அவர் சிறந்த மாணவராக விளங்கவில்லை. பாடத்துக்குச் செலவிட வேண்டிய பொழுதைப் பாட்டிலும் நாடகத்திலும் செலவிட்டார். தேர்வு ஒன்றில் தோற்றுக் கப்பல் மருத்துவராகச் சிறிது காலம் அட்லாண்டிக் பெருங்கடலில் பயணம் செய்தார். பின்னர் தேறி, 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். சென்னை, பெங்களூர், பர்மா, அந்தமான் எனப் பல இடங்களில் பணியாற்றினார். படைவீரர் மருத்துவமனையில் வேலை குறைவாகவும் ஓய்வு மிகுதியாகவும் இருந்த நாள்கள் அவை. அந்த ஓய்வில் கணிதத்தைத் தாமே கற்றார். கவிதையும் புதினமும் எழுதினார். பெங்களூரில் தங்கியிருந்தபோது தம் அறைக்கு அருகிலிருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுக்குஞ்சுகள் நெளிவதைக் கண்டு அதைக் கவிழ்த்துவிட்டார். கொசுத் தொல்லை குறைந்தது. அந்தச் சிறு நிகழ்ச்சியின் பொருள் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அவருக்கு முழுமையாக விளங்கியது.

1888-இல் விடுப்பில் இங்கிலாந்து சென்றவர், பொதுச் சுகாதாரத்தில் பட்டயம் பெற்று, நுண்ணுயிரியலும் பயின்று, 1889-இல் ரோசா புளொக்சம் என்பாரை மணந்து திரும்பினார். அதே ஆண்டில் அவருடைய முதல் புதினம் வெளிவந்தது. முப்பத்திரண்டு வயதில் அவர் இலக்கியத்திலும் பெயர் பெறவில்லை. மருத்துவத்திலும் பெயர் பெறவில்லை. இந்தியாவில் பிறந்தவராயினும் இந்திய மண்ணில் தம்மை நாடு கடத்தப்பட்டவராகவே அவர் உணர்ந்தார். வெயிலும் வறட்சியும் நோயும் சூழ்ந்த சமவெளியில் தனித்திருக்கும் ஒருவனின் ஏக்கம் அவர் பின்னர் அச்சிட்ட கவிதைத் தொடர் ஒன்றில் நிறைந்திருக்கிறது. அந்த ஏக்கத்தின் நடுவில்தான் காய்ச்சலின் காரணத்தை அறிய வேண்டும் என்ற வேட்கையும் முளைத்தது.

லாவெரானும் மான்சனும்

மலேரியாவின் ஒட்டுண்ணியை முதலில் கண்டவர் பிரெஞ்சுப் படை மருத்துவரான லாவெரான். 1880 நவம்பர் 6-ஆம் நாள் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் காய்ச்சல் கண்ட ஒரு படைவீரரின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். கரிய நிறமணிகள் கொண்ட உருண்டை ஒன்றிலிருந்து சாட்டைகள் போன்ற மெல்லிய இழைகள் சட்டென வெளிப்பட்டுத் துடித்தன. இரத்தத்தில் ஓர் உயிர் இருப்பதை அந்தத் துடிப்பே அவருக்கு உணர்த்தியது. எனினும் உலகம் எளிதில் நம்பவில்லை. நம்பாதவர்களுள் ராஸும் ஒருவர். லாவெரான் கூற்றை மறுத்துக் கட்டுரைகளும் எழுதியிருந்தார்.

1894 ஏப்ரலில் இலண்டனில் பேட்ரிக் மான்சனை அவர் சந்தித்தார். யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடலில் வளர்வதைச் சீனாவில் பணியாற்றியபோது கண்டவர் மான்சன். அவர் நுண்ணோக்கியின் வழியே லாவெரான் கண்ட உருவங்களை ராஸுக்குக் காட்டினார். ஐயம் அகன்றது. பின்னர் மான்சன் தம் கருத்தையும் எடுத்துரைத்தார். அந்தச் சாட்டை இழைகள் உடலுக்குள் ஓடும் இரத்தத்தில் தோன்றுவதில்லை. இரத்தம் உடலைவிட்டு வெளிவந்த சில நிமிடங்களில்தான் தோன்றுகின்றன. அவ்வாறாயின் அவை உடலுக்கு வெளியே உள்ள ஏதோ ஒரு வாழ்வுக்காகவே ஏற்பட்டவை. இரத்தத்தை உடலிலிருந்து வெளியே கொண்டுசெல்வது கொசு. ஆகவே அந்த மறுவாழ்வு கொசுவின் வயிற்றில் தொடங்க வேண்டும் என்றார் மான்சன்.

இக்கருத்தில் ஒரு கவிதைக்குரிய ஒழுங்கு இருந்தது, பிழையும் இருந்தது. கொசு ஒருமுறை மட்டுமே இரத்தம் குடித்து, நீர்நிலையில் முட்டையிட்டு இறந்துவிடுகிறது என்றும், அந்த நீரைப் பருகுவோருக்குக் காய்ச்சல் வருகிறது என்றும் மான்சன் எண்ணினார். ராஸும் அவ்வாறே நம்பி 1895-இல் இந்தியாவுக்குத் திரும்பினார். அடுத்த நான்காண்டுகளில் இருவரிடையே நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் பறந்தன.

செகந்திராபாத்தின் இரு நாள்கள்

செகந்திராபாத்தில் ராஸின் சோதனைகள் தொடங்கின. காய்ச்சல் கண்டவர்களைக் கொசுவலைக்குள் படுக்க வைத்து, வளர்த்த கொசுக்களை விட்டுக் கடிக்கச் செய்து, பின்னர் அவற்றை அறுத்துப் பார்த்தார். சாட்டை இழைகள் கொசுவின் வயிற்றில் வெளிப்படுவதைக் கண்டார். ஆனால் அதன்பின் அவை என்னவாயின என்பது விளங்கவில்லை. கொசுக்கள் இறந்து கிடந்த நீரைச் சிலருக்குக் குடிக்கக் கொடுத்தும் பார்த்தார், பயன் உறுதிப்படவில்லை. இடையில் காலராத் தடுப்புப் பணிக்காகப் பெங்களூருக்கு மாற்றப்பட்டார். 1897-இல் நீலகிரிக்குச் சென்றபோது, உதகமண்டலத்திலிருந்து கீழிறங்கும் சீகூர் மலைப்பாதையில் அவரையே மலேரியா பற்றியது. தாம் தேடிய உயிர் தம் குருதியிலேயே ஓடியதை அவர் அறிந்தார்.

இரண்டாண்டுக் காலம் அவர் தோற்றதற்குக் காரணம் எளியது. அவர் அறுத்துப் பார்த்த சாம்பல் நிறக் கொசுவும் வரிக்கொசுவும் மனித மலேரியாவை வளர்க்கும் இனங்கள் அல்ல. அக்காலத்தில் கொசுவினங்களைப் பிரித்தறியும் நூல்கள் அவர் கையில் இல்லை. எந்தக் கொசு என்பதும் தெரியாது. அதனுள் ஒட்டுண்ணி எந்த உருவில் இருக்கும் என்பதும் தெரியாது. எந்த உறுப்பில் தேட வேண்டும் என்பதும் தெரியாது. அறியாத ஊரில் முகமறியாத ஒருவரைத் தேடுவது போன்ற வேலை அது.

1897 ஆகஸ்டு மாதம், இறகில் புள்ளிகள் கொண்ட பழுப்பு நிறக் கொசுக்கள் சில அவருடைய உதவியாளர்கள் கொணர்ந்த குஞ்சுகளிலிருந்து வெளிவந்தன. இன்று அனோபிலிஸ் என்று அழைக்கப்படும் இனம் அது. ஆகஸ்டு 16-ஆம் நாள் உசேன் கான் என்னும் நோயாளியின் மீது அவை விடப்பட்டன. கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா அவருக்குக் கூலி. அடுத்த நாள்களில் ராஸ் அவற்றை ஒவ்வொன்றாக அறுத்தார். கோடை வெப்பம் குறையவில்லை. அறுத்து வைத்த கொசுவின் உறுப்புகள் பறந்துவிடும் என்பதால் விசிறி இழுக்கச் சொல்லவும் இயலவில்லை. நெற்றி வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. பார்வை ஆடியிலும் விரிசல் கண்டிருந்தது.

ஆகஸ்டு 20-ஆம் நாள் எஞ்சியிருந்தவை மிகச் சிலவே. ஒன்றை அறுத்து அதன் வயிற்றுச் சுவரை அணு அணுவாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், வட்டமான அணுக்கள் சிலவற்றைக் கண்டார். கொசுவின் வயிற்றில் அத்தகைய அணுக்கள் இருப்பதில்லை. அவற்றினுள் கரிய நிறமணிகள் இருந்தன. அந்த நிறமணிகளை அவர் நன்கு அறிவார். மனிதச் செவ்வணுக்களைத் தின்னும் ஒட்டுண்ணி விட்டுவைக்கும் கழிவு அது. நோயாளிகளின் இரத்தத்தில் ஆயிரம் முறை அவர் பார்த்தது. உருவம் முற்றிலும் மாறியிருந்தது. மச்சம் மட்டும் மாறவில்லை. மச்சத்தைக் கொண்டே ஆளை அடையாளம் கண்டார் ராஸ்.

அன்றைய கண்டுபிடிப்பு பெரிதென்பதில் ஐயமில்லை. அதை முழுமையாக்கியது மறுநாள். கடைசிக் கொசுவை 21-ஆம் நாள் அறுத்தபோது அதே அணுக்கள் இருந்தன. ஆனால் முன்னாள் கண்டவற்றினும் பெரியனவாக இருந்தன. ஒரு நாள் கண்டது வெறும் புள்ளியாகவும் இருக்கலாம். இரு நாள் கண்டு, இரண்டாம் நாள் பெருத்திருக்கக் கண்டால் அது வளர்ச்சி, வளர்வது உயிர். கொசுவின் உடலில் ஒட்டுண்ணி சிறைப்பட்டுச் சாகவில்லை. வாழ்கிறது என்பதற்கு அந்த இரண்டாம் கொசுவே சான்று. அவ்வாண்டு டிசம்பரில் இதுபற்றிய கட்டுரை இலண்டன் மருத்துவ இதழில் வெளிவந்தது. இன்றும் ஆகஸ்டு 20 உலகக் கொசு நாளாகக் கொள்ளப்படுகிறது.

கல்கத்தாவின் குருவிகள்

வெற்றியின் வாயிலில் நின்றவரை அரசு செப்டம்பரில் இராசபுதனத்தின் கெர்வாராவுக்கு மாற்றியது. அங்கே மலேரியா அரிது, ஆராய்ச்சி தடைப்பட்டது. மான்சன் இலண்டனில் முயன்று பரிந்துரைத்ததன் பயனாக 1898 பிப்ரவரியில் ராஸ் கல்கத்தாவில் தனிப் பணியில் அமர்த்தப்பட்டார். அங்கும் ஒரு தடை காத்திருந்தது. பிளேக் நோய்த் தடுப்பூசி பற்றிய அச்சம் நகரெங்கும் பரவியிருந்த காலம் அது. விரலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்க எவரும் இசையவில்லை. ஆகவே மனிதரை விட்டுப் பறவைகளிடம் சென்றார். குருவிகளுக்கும் வானம்பாடிகளுக்கும் மலேரியா உண்டு. அதன் ஒட்டுண்ணி மனித மலேரியா ஒட்டுண்ணியின் நெருங்கிய உறவு. செகந்திராபாத்தில் அவரை ஏமாற்றிய சாம்பல் நிறக் கொசுவே பறவை மலேரியாவுக்கு உரிய கொசுவாக அமைந்தது.

இதற்குள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் மக்கல்லம் என்னும் இளைஞர், ராஸும் மான்சனும் தவறவிட்ட ஒன்றைக் காக்கையின் குருதியில் கண்டுவிட்டார். சாட்டை இழைகள் பரவிச் செல்லும் வித்துகள் அல்ல; அவை ஆண் உயிரணுக்கள். சாட்டை விடாமல் அமைதியாகக் கிடக்கும் உருண்டைகள் பெண் உயிரணுக்கள். இரண்டும் கூடிக் கருவாகின்றன. 1897-இல் வெளிவந்த இச்செய்தி ராஸுக்கு வியப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தந்தது. பலமுறை கண்முன் நிகழ்ந்தும் அதைத் திருமணம் என்று அவர் அறிந்திருக்கவில்லை.

கல்கத்தாவில் முகமது பக்ஸ் என்னும் உதவியாளர் கொசு பிடிப்பதிலும் பறவைகளைப் பேணுவதிலும் துணைநின்றார். ஒட்டுண்ணி உறை நாள்தோறும் பெருத்து, முற்றி வெடிப்பதையும், அதிலிருந்து நூற்றுக்கணக்கான கோல் போன்ற நுண்ணுருவங்கள் கொசுவின் உடலெங்கும் பரவுவதையும் ராஸ் தொடர்ந்து பார்த்தார். அவை எங்கே செல்கின்றன? 1898 சூலை 4-ஆம் நாள் விடை கிடைத்தது. கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியின் அணுக்களில் அவை நிரம்பியிருந்தன. ஆகவே நோய் பரவுவது குடிநீரால் அன்று, கடியால். சூலை 9-ஆம் நாள், அத்தகைய கொசுக்கள் கடித்த நலமுள்ள குருவிகளின் இரத்தத்தில் ஒட்டுண்ணிகள் பெருகியிருக்கக் கண்டார். வட்டம் நிறைவுற்றது. அம்மாதம் 28-ஆம் நாள் எடின்பரோவில் கூடிய மருத்துவர் மாநாட்டில் மான்சன் அதை அறிவித்தபோது அவை எழுந்து ஆர்ப்பரித்தது. அப்போது ராஸ் இந்தியாவில்தான் இருந்தார்.

அவ்வாண்டின் இறுதியில் ரோமில் கிராசி, பிஞாமி, பாஸ்தியானெல்லி ஆகிய மூவர் மனித மலேரியாவின் முழுச் சுற்றும் அனோபிலிஸ் கொசுவில் நிகழ்வதை மெய்ப்பித்தனர். ராஸ் குருவியில் கண்டதை அவர்கள் மனிதரில் கண்டனர்.

ஒட்டுண்ணி எவ்வாறு அறிகிறது?

ராஸின் உள்ளத்தில் ஒரு கேள்வி தொடக்கத்திலிருந்தே இருந்தது. இரத்தத்தில் அசைவின்றிக் கிடக்கும் உருண்டைக்குத் தான் மனித உடலைவிட்டு வெளிவந்துவிட்டது எவ்வாறு தெரிகிறது? செகந்திராபாத்திலேயே அவர் ஒரு சோதனை செய்தார். விரலில் வாசலின் பூசி, அதன் வழியே ஊசி குத்திக் காற்றுப் படாமல் எடுத்த இரத்தத்தில் சாட்டைகள் தோன்றவில்லை. காற்றுப் பட்டபோது தோன்றின. இரத்தத்தின் நீர் வற்றுவதே காரணம் என்று அவர் முடிவு செய்தார். கேள்வி சரியானது, விடை சரியன்று. காற்றுப் பட்ட இரத்தத்திலிருந்து கரியமில வாயு வெளியேறி அதன் காரத்தன்மை சிறிது உயர்வது ஒரு தூண்டல் என்பது பிற்காலத்தில் அறியப்பட்டது.

கல்கத்தாவில் அவர் வெற்றி கண்ட ஆண்டுக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1998-இல் மற்றொரு பகுதி வெளிப்பட்டது. கொசுவின் உடலில் இயல்பாக உண்டாகும் சாந்துரெனிக் அமிலம் என்னும் பொருள் ஒட்டுண்ணிக்கு அழைப்பாகிறது. மனித உடலின் வெப்பத்திலிருந்து கொசுவின் வயிற்றுக் குளிர்ச்சிக்கு இறங்குவதும் அந்த அமிலமும் சேர்ந்து, வேறு உடலுக்குள் வந்துவிட்டதை ஒட்டுண்ணிக்கு உணர்த்துகின்றன. உடனே ஆண் அணு ஏறத்தாழ பத்து நிமிடங்களில் தன் மரபுப் பொருளை மும்முறை இரட்டித்து எட்டுச் சாட்டைகளை வெளிவிடுகிறது. பெண் அணுவோ கருவானபின் வேண்டியவற்றுக்கான கட்டளைகளை முன்னரே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அவற்றை நிறைவேற்றாமல் மூடி வைத்திருக்கிறது. உரிய இடம் வந்தபின்பே உறை பிரிக்கப்படுகிறது. இந்தக் காத்திருப்பின் இயக்கம் 2006-இல் விளக்கப்பட்டது.

கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் தங்கும் கோலுருக்களும் அவ்வாறே அடங்கியிருக்கின்றன. புரதம் செய்யும் வேலையைப் பெருமளவு நிறுத்தி வைத்து, மனிதத் தோலுக்குள் புகும் வரை காத்திருக்கின்றன. தோலின் வெப்பமும் கல்லீரல் அணுக்களின் தொடர்பும் அவற்றை எழுப்புகின்றன. இனி இரத்தத்தில் பெருகும்போதும் ஒரு முடிவு எடுக்கப்பட வேண்டும். பெரும்பாலானவை மீண்டும் மீண்டும் பிரிந்து நோயாளியின் உடலிலேயே பெருகும். சிறு பங்கு மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ மாறிப் பெருகுதலைக் கைவிட்டுக் கொசுவுக்காகக் காத்திருக்கும். இம்முடிவைத் தொடங்கி வைக்கும் மரபணுத் திறவுகோல் ஒன்று 2014-இல் அறியப்பட்டது; ஏபி2-ஜி என்பது அதன் பெயர். வழக்கமாக அது பூட்டப்பட்டே இருக்கும். அது திறந்தால் ஒட்டுண்ணி தன் பெருக்கத்தை இழந்து பயணத்துக்கு ஆயத்தமாகும். இரத்தத்தில் ஒருவகைக் கொழுப்புப் பொருள் குறையும்போது அத்திறப்பு மிகுகிறது என்பது 2017-இல் தெரியவந்தது. உணவு சுருங்கும் இடத்திலிருந்து வெளியேற முனையும் உயிரின் செயல் அது.

ராஸ் அறியாமல் மறைந்த பெரிய உண்மை ஒன்றும் உண்டு. கொசு கடித்த பின் சில நாள்கள் இரத்தத்தில் ஒட்டுண்ணி காணப்படுவதில்லை. அந்நாள்களில் அது எங்கே இருக்கிறது? நேரே செவ்வணுவுக்குள் நுழைவதைத் தாம் கண்டதாக ஷாடின் என்னும் செருமானியர் 1903-இல் எழுதியதை உலகம் நம்பிவிட்டது. 1948-இல்தான் ஷார்ட்டும் கார்ன்ஹமும் அது கல்லீரலில் தங்கிப் பெருகுவதைக் கண்டனர். சிலவகை மலேரியாவில் ஒட்டுண்ணி அங்கேயே மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழும் என்பது 1980-களில் தெளிவாயிற்று.

புகழும் பூசலும்

1899-இல் ராஸ் இந்தியாவை விட்டு நீங்கி லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். 1902-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அப்பரிசை முதலில் பெற்ற பிரித்தானியர் அவரே. 1911-இல் சர் பட்டமும் கிடைத்தது.

புகழ் வந்தது, அமைதி வரவில்லை. கிராசி தமது பங்கைக் களவாட முயன்றதாக ராஸ் கருதினார். ராஸ் கண்டது பறவையின் நோயைத்தான் என்று கிராசி கருதினார். இரு தரப்பிலும் ஓரளவு உண்மையும் மிகுந்த கசப்பும் இருந்தன. நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்படலாம் என்ற நிலையில் இராபர்ட் கோக்கின் எதிர்ப்பும் கிராசிக்குத் தடையாயிற்று. பூசல் கிராசி மறைந்த 1925 வரையிலும் அதற்குப் பின்னரும் ஓயவில்லை. வழிகாட்டிய மான்சனுடனான நட்பும் நிலைக்கவில்லை. 1912-இல் மான்சன் எழுதிய கடிதமொன்றைக் காரணம் காட்டி அவர்மீது அவதூறு நடவடிக்கைக்கே ராஸ் துணிந்தார். மான்சன் வருத்தம் தெரிவித்த பின்னரே அது ஓய்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களால் வளர்ந்த உறவு ஒரு கடிதத்தால் முறிந்தது. 1914 ஆகஸ்டில், உலகப் போரின் முதல் வாரங்களில், மகன் போர்க்களத்தில் மாண்டார். கண்டுபிடிப்புக்கு அரசு பொருள் ஈடு தரவேண்டுமென அவர் விடுத்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. முதுமையில் பணத் தேவையால் தம் கையெழுத்துப் படிகளையும் கடிதங்களையும் விற்க நேர்ந்தது.

இக்கசப்பினூடும் அவர் செய்த மற்றொரு பணியை மறத்தலாகாது. சியரா லியோன், இஸ்மாயிலியா, மொரீசியசு ஆகிய இடங்களுக்குச் சென்று தேங்கிய நீரை அகற்றிக் கொசுவைக் குறைக்கும் வழியைக் காட்டினார். சென்னை மாகாணத்தின் தனிமையில் கற்ற கணிதம் அப்போது கைகொடுத்தது. மலேரியாவை ஒழிக்கக் கடைசிக் கொசு வரை கொல்ல வேண்டியதில்லை. அதன் எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே சென்றால் நோய் தானே அற்றுப்போகும் என்று சமன்பாடுகளால் நிறுவினார். 1910-இல் வெளிவந்த மலேரியாத் தடுப்பு பற்றிய அவருடைய பெருநூலும் அதன் 1911-ஆம் ஆண்டுப் பதிப்பும் இக்கருத்தை விளக்குகின்றன. கொள்ளைநோய்களைக் கணிதத்தால் அளக்கும் இன்றைய துறைக்கு அது அடிக்கற்களுள் ஒன்று. நோபல் பரிசுக்குரிய பணியைவிட இதையே தம் பெரிய பங்களிப்பாக அவர் மதித்தார் என்பர்.

கல்லில் நின்ற கவிதை

1926-இல் இலண்டன் அருகே அவர் பெயரால் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1927 சனவரியில் கல்கத்தாவில், அவர் பணியாற்றிய மருத்துவமனையின் வளாகத்தில், நினைவு வாயில் ஒன்று அவர் முன்னிலையிலேயே திறக்கப்பட்டது. செகந்திராபாத்தின் அந்த ஆகஸ்டு நாள்களில் அவர் புனைந்த பாடலின் அடிகள் அதில் பொறிக்கப்பட்டன. அறிவியலறிஞர் ஒருவருக்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தில் அவருடைய கவிதை பொறிக்கப்படுவது அரிது. இளமையில் மறுக்கப்பட்ட கவிஞர் பட்டத்தை ஒருவகையில் கல் அவருக்கு வழங்கியது. 1931-இல் மனைவி மறைந்தார்; 1932 செப்டம்பர் 16-ஆம் நாள் இலண்டனில் ராஸும் மறைந்தார்.

அந்தப் பாடல் மரணத்தை வென்றுவிட்ட மகிழ்ச்சியைப் பாடுகிறது. வெற்றி அத்துணை விரைவில் வரவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 26 கோடிப் பேரை மலேரியா பற்றியது. ஆறு இலட்சத்தை நெருங்கிய எண்ணிக்கையினர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். இடத்துக்கு ஏற்ப உருமாறும் ஒட்டுண்ணியின் திறமே அதன் வலிமை. அதன் வலுவற்ற இடமும் அதுவே; உருமாறும் அந்தச் சில நிமிடங்களில் அதைத் தடுக்க முடிந்தால் நோயாளியிடமிருந்து கொசுவுக்குச் செல்லும் வழி அடைபடும். இன்றைய ஆய்வாளர் பலர் உழைப்பது அந்த வாயிலில்தான்.

ராஸின் வாழ்க்கை கவிஞர்க்குச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. காணாத உருவை முன்கூட்டிக் காணத் துணிந்தது கற்பனை. மான்சனும் ராஸும் அதைக் கொண்டே வழிநடந்தனர். ஆனால் அதே கற்பனை, நீர்வழி நோய் பரவுகிறது என்ற பிழையையும் இரண்டாண்டுக் காலம் காத்து நின்றது. பிழையைக் களைந்தது, வியர்வை வழியும் கண்களோடு கடைசிக் கொசுவையும் அறுத்துப் பார்த்த பொறுமை. கண்டது தமது மட்டும் என்று எண்ணியபோது அந்தப் பொறுமை அவரைவிட்டு அகன்றது. கண்டதன் இன்பமும் குறைந்தது. லாவெரானின் கண், மான்சனின் ஊகம், மக்கல்லத்தின் காக்கை, உசேன் கானின் குருதி, முகமது பக்ஸின் உழைப்பு, கிராசியின் மெய்ப்பிப்பு ஆகிய யாவும் கூடியே அந்த வட்டம் நிறைவுற்றது. அதன் நடுப்பகுதியை, ஒருவரும் காணாத உருவை, முதலில் கண்ட கண் ராஸினுடையது. அப்பெருமை அவருக்கு உரியது. அதற்குமேல் அவர் எதையும் கோர வேண்டியிருக்கவில்லை.